என் பேச்சைக் கேட்காத நெஞ்சு

வலது கண்ணில் புரை முற்றியபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பட்டுத் தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிப்பதுதான் என் வேலை. அரக்கு இழையைக் கறுப்போடு திரித்துவிட்டேன் என்று தறிக்காரர் ஒருநாள் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆபரேஷன் நடந்தால்தான் இனி எனக்கு வேலை.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம் அதிகமாம். எங்கள் தெரு நர்சம்மா பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தொட்டு அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை நனைந்துபோகும். அந்நிய ஆண்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவள் நான்.

மூன்றாம் முறையும் அதே கதை. துணைக்கு வந்த என் ஓரகத்தி சும்மா இருப்பாளா?

"இன்னாக்கா, உன்ன பொண்ணு பாக்கவா வந்துக்கிறாங்க? இப்படி வேர்த்துக்கினு உக்காந்துனுக்கிற!"

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கமா. நெஞ்சு அடிக்கிறது, வேர்க்கிறது, சோறு செரிக்கிறது, இதையெல்லாம் பாத்துக்கிற நரம்பு தனியா இருக்குது. பயந்தா முடுக்கி விடும், பயம் போனா தானே அடக்கும். நாம சொல்லி அது கேக்காது." பிறகு என்னிடம், "மூச்சு மட்டும் கொஞ்சம் நம்ம பேச்சைக் கேக்கும். ஃபேனுக்கு அடியில உக்காந்து மெதுவா மூச்சு விடுங்க. மறுபடி பாக்கலாம்" என்றார்.

மெதுவாக மூச்சு விடுவது எனக்குப் புதிதல்ல. வேகமாக விட்டால் பட்டு இழையின் முனை பறந்துவிடும். இழை வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட விரலால் திரிக்கும்போது நீளமாக, சத்தமில்லாமல்தான் விடுவோம். கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் பாவு இருப்பதாக நினைத்துக்கொண்டு விரலால் இழை இழையாகத் திரித்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. உள்ளங்கை காய்ந்திருந்தது. அப்போதுதான் டாக்டர் பட்டையைக் கட்டினார். நான் திரிப்பதை நிறுத்தவில்லை.

"இறங்கிடுச்சே! நாளைக்கு ஆபரேஷன் வெச்சுக்கலாம். கெட்டிக்காரம்மா நீங்க" என்றார்.

அவ்வளவுதான், நெஞ்சு மறுபடியும் படபடவென்று ஆரம்பித்தது. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

ஓரகத்தி பார்த்துவிட்டாள். "பட்டையத்தான் அவுத்துட்டாங்களே. இனிமே எவ்ளோ வேணா வெக்கப்பட்டுக்கோக்கா!"