தேவப்பிரியம் விழுங்காத அப்பம்

இராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த ஞானதுரையின் மனைவி தேவப்பிரியத்துக்கு வேதக்கோயிலில் முதல் பெஞ்சு. அவள் கேட்டு வாங்கிய இடம் இல்லை அது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, பாரிசவாயுவில் விழுந்து கிடந்த மாமனாரை விட்டு அசையாமல் கடைசி மூச்சு வரைக்கும் கூட இருந்தவள் என்று அவளுக்குப் பெயர். ஓடிப்போய்த் திரும்பி வந்த சபையார், ஆண்டவர் தங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததற்காக வருஷா வருஷம் சித்திரையில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். அன்றைய இராப்போஜனத்துக்கு அப்பம் சுடுகிற வேலை தேவப்பிரியத்துடையது. புளிக்க வைக்காத கோதுமை மாவை உப்பும் போடாமல் பிசைந்து, முதல் நாள் சாயங்காலமே தோசைக்கல்லில் சுட்டு, வெள்ளைத்துணியில் மூடி அனுப்புவாள். பாதிரி ஐயர் அதைப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார்.

அந்த அப்பத்தில் ஒரு துணுக்கைக்கூட அவள் பதினோரு வருஷமாக விழுங்கினதில்லை. வாங்கி வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். முழங்காலில் இருந்து எழுந்திருக்கும்போது முந்தானையில் துப்பி முடிந்துகொள்வாள். மறுநாள் கடற்கரைப் பாறைகளுக்குப் போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வருவாள். பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு அதைத் தின்றால் வயிற்றில் நெருப்பாகிவிடும் என்று சின்ன வயதில் ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருந்தாள்.

நடந்தது இதுதான். எல்லாரும் கிளம்பின அந்த வாரம் ஞானதுரையும் கிளம்பினான். “ஒரு வாரம் பொறு. சரக்க ஊர்ல இறக்கிட்டு வந்து ஒங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்” என்றான். லாரியில் கருப்பட்டிச் சிப்பங்களுக்கு இடம் இருந்தது. கட்டிலுக்கு இல்லை.

வாரம் ஒன்று போயிற்று. ஒன்பது நாளும் ஆயிற்று. தெருவில் அடுப்புப் புகை இல்லை. நாய்கள் மட்டும் திரிந்தன. ஒரு நாள் பார்க்டவுன் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலியை எல்லாம் கூண்டிலேயே சுட்டுப்போட்டார்களாம், குண்டு விழுந்தால் வெளியே வந்துவிடும் என்று. ஓட வழியில்லாததை எல்லாம் சுடுகிறார்கள் என்று தேவப்பிரியத்துக்குப் பட்டது. மறுநாள் விடிந்ததும் மாமனாரின் நல்ல கைப்பக்கம் ஒரு சொம்புத் தண்ணீரும் இரண்டு ரொட்டியும் வைத்தாள்.

“எங்க போற, பிரியம்?” என்று அவர் குழறினார்.

“தண்ணி பிடிச்சிட்டு வாரேன், மாமா.”

வெளியே பூட்டிக்கொண்டு எழும்பூருக்கு ஓடினாள். நெரிசலில் செங்கல்பட்டு வரைக்கும் தொற்றிக்கொண்டு போனாள். அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. இறங்கிப் பிளாட்பாரத்திலேயே ஒரு பகலும் ஒரு இரவும் உட்கார்ந்திருந்துவிட்டு, காலியாகப் பட்டணத்துக்குத் திரும்புகிற வண்டியில் ஏறினாள். மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. பின்சுவரை ஒட்டிக் குதிரைக்கொட்டில் வைத்திருந்த ஜட்கா வண்டிக்கார மஜீது பாய் படியில் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு நாளா ‘பிரியம், தண்ணி’ன்னு கூவிக்கினே இருந்தாரும்மா” என்றார் அவர். “நீ உள்ளதான் கீறேன்னு நெனச்சேன். இன்னாடா மருமவ, இவ்ளோ கல்நெஞ்சான்னு ஒன்னியத் திட்டிக்கினு குதிரைக்குப் புல்லு போட்டேன். இன்னிக்கி சத்தமே வரல. முன்னாடி வந்து பாத்தா, வெளிய பூட்டிக்கீது.”

சொம்பு உருண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நல்ல கைதான் தட்டிவிட்டிருக்கிறது. எறும்புகள் வந்திருந்தன. மஜீது பாயும் கல்லறைத் தோட்டத்துக் காவல்காரனும் சேர்ந்து குழி வெட்டினார்கள்.

நாலு மாதம் கழித்து வந்த ஞானதுரையிடம் அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவன் கேட்டுவிட்டு, “இத இனி ஒருத்தர்ட்டயும் சொல்லாத” என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே சபையில் எழுந்து, தன் மனைவி கடைசிவரை தகப்பனார் பக்கத்தில் இருந்ததைச் சாட்சியாகச் சொன்னான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவளுக்கு வாய் திறக்கவில்லை. பிறகு அவன் சபை மூப்பரானான்.

ஐம்பத்துமூன்றில் புதிதாக வந்த ஐயர் மாதர் சங்கத்துக்கு அவளைத் தலைவியாக வைக்க வேண்டும் என்று கூப்பிட்டனுப்பினார். இருக்கிறவர்களில் வேறு யாருக்கு அவ்வளவு தகுதி என்றார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஐயர் இளகின மனசுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, ஆண்டவர் அன்பே உருவானவர். எப்பவோ உங்களை மன்னிச்சாச்சு. இதை இனி வெளியே எடுக்க வேண்டாம்.”

“மன்னிச்சிருப்பாரு ஐயா. எத மன்னிச்சாருன்னு யாருக்கும் தெரியலியே. அந்தப் பாவத்துக்குத்தான முதல் பெஞ்சில உக்கார வச்சு என்னய மெச்சுதிய?”

ஐயர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பகிரங்கமான பாவம் செய்தவர்கள் வாசல் பக்கம், செருப்பு விடுகிற இடத்தை ஒட்டின கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். அப்பம் கிடையாது. என்றைக்காவது எழுந்து தன் பாவத்தை வாய்விட்டுச் சொன்னால், ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பார். சபை ‘மன்னித்தோம்’ என்றால் முன்னே வரலாம். துறைமுகத்துக் கிரேன்காரன் ஒருவனோடு கல்யாணம் இல்லாமல் குடியிருந்த டோரதி அங்கே மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்தோத்திரத்தன்னைக்கு நானும் எந்திரிச்சுச் சொல்லிருதேன் ஐயா” என்றாள் தேவப்பிரியம். “சபை மன்னிச்சா, ஒரே ஒரு தடவ அந்த அப்பத்த முழுங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஐயர் யோசித்துவிட்டு ஞானதுரையிடம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது ஞானதுரை அடுப்படிக்கு வந்தான். “எவ்வளவு நாளாட்டி இந்த நெனப்பு?”

“பதினோரு வருஷமா.”

“நீ பூட்டிட்டுப் போனேன்னு சொன்னா, போட்டுட்டுப் போன என்னய என்ன சொல்லுவான்? இந்தச் சபையில ஓடாதவன் எவன்? ஒன்னக் காட்டிக்காட்டித்தானட்டி நாங்க தல நிமிந்து திரியுதோம். எல்லாவன் மூஞ்சியிலயும் கரியப் பூசப்போறியோ?”

“ஒங்களப் பத்தி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.”

அவன் அவளுடைய இடது கையைப் பிடித்துத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தினான். “ஒரு கை போதும் ஒனக்கு. எங்க அப்பாவுக்கு ஒண்ணுதான இருந்துச்சு.” வெந்துகொண்டிருந்த அப்பத்தின் மணத்தோடு இன்னொரு வாடை எழுந்தது. அவன் போன பிறகு, மீதி மாவை அவள் வலது கையால் சுட்டு முடித்தாள். நாளைக்குச் சபைக்கு வேண்டுமே.

ஞாயிறு காலையில் அவள் சேலை மாற்றப் போன அறையை வெளியே இழுத்துப் பூட்டினான். மாமனார் கிடந்த அதே அறை. சுவரோரம் ஒரு சொம்பு இருந்தது. “தண்ணி வச்சிருக்கேன்” என்றான் கதவுக்கு வெளியே இருந்து. “என் அப்பனுக்கு நீ வச்ச மாதிரி.” அப்பத்தை எடுத்துக்கொண்டு அவன் கோயிலுக்குப் போனான்.

கோயில் மணி இரண்டாம் தடவை அடித்தது. அவள் பின்சுவர் ஜன்னலண்டை போய், “மஜீது பாய்!” என்று கூப்பிட்டாள். ஒரே தடவைதான். கடப்பாரை தாழ்ப்பாளில் விழுகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கி ரெண்டு நாளு கேட்டுக்கினு சும்மா இருந்தேம்மா” என்றார் பாய், மூச்சு வாங்க. நரைத்துப்போயிருந்தார். “இன்னிக்கி ஒரு கொரலுக்கு மேல ஆவாது. கை இன்னா ஆச்சு? அடப்பாவி. ஏறு வண்டியில.”

அவள் உள்ளே நுழைந்தபோது ஐயர் அப்பத்தின் மேல் இருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். தேவப்பிரியம் முதல் பெஞ்சுக்குப் போகவில்லை. நடுவழியில் நின்றாள்.

“எங்க மாமாவ உள்ள வச்சுப் பூட்டிட்டு நான் ஓடிட்டேன். தண்ணி பிடிக்கப் போறேன்னு பொய் சொன்னேன். ரெண்டு நாள் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. நான் இல்ல. தண்ணி இல்லாமச் செத்துப்போனாரு. சபை என்னய மன்னிக்கணும்.”

ஞானதுரை எழுந்தான். “அவளுக்குச் சித்தம் கலங்கிப்போச்சு, ஐயா. கையப் பாருங்க, நேத்து அவளே சுட்டுக்கிட்டா.”

யாரோ ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்: “நல்லா இருந்தவளுக்குப் பெருமை தாங்கல. இப்ப நம்மள எல்லாம் கொலகாரியாக்க வந்துட்டா.”

வழக்கத்தை ஐயரால் மீற முடியவில்லை. “சபையார் இந்த அம்மாவை மன்னிக்கிறீர்களா?” என்று கேட்டார்.

டோரதி மாதிரி ஆட்களுக்கு ‘மன்னித்தோம்’ என்று சொல்லுவார்கள், என்றைக்காவது. இதை மன்னித்தால், மன்னிக்க வேண்டியது இவளோடு நிற்காது. ஒவ்வொருவருக்கும் பட்டணத்தில் விட்டுப்போன ஏதோ ஒரு கட்டில் இருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஐயர் தலையைக் குனிந்துகொண்டு அப்பத்தைப் பிட்டார்.

தேவப்பிரியம் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இத்தனை வருஷமும் ஆண்டவர் தன்னை நேசிக்கிறார் என்று யாராவது சொன்னால், அவர் நேசிப்பது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்த இன்னொரு பொம்பளையை என்றே அவளுக்குத் தோன்றும். இப்போது அந்தப் பொம்பளை இல்லை. நேசித்தால் இவளைத்தான் நேசித்தாக வேண்டும். கால்கள் லேசாக இருந்தன.

டோரதி செருப்புகளைக் காலால் தள்ளிவிட்டு நகர்ந்துகொண்டாள். “குந்து. இங்க எடம் நெறிய கீது.”

முன்னே எல்லாரும் முழங்காலிட்டுக் கையேந்திக்கொண்டிருந்தார்கள். ஞானதுரையும் ஏந்தினான். அவள் சுட்ட அப்பம் ஒவ்வொரு வாயாகப் போய்க்கொண்டிருந்தது. பின்பெஞ்சுக்கு வராது.

“இன்னாத்துக்கு அங்கயே பாத்துக்கினுகீற?” டோரதி மடியில் இருந்த பையைத் துழாவி, டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள். “காலீலேர்ந்து ஒண்ணும் துன்னல, மூஞ்சே சொல்லுது. இந்தா. தலையக் குனிஞ்சிக்கினு துன்னு, முன்னாடி கீற கெழவி பாத்தா கத்துவா.”

தேவப்பிரியம் வலது கையால் வாங்கி வாயில் வைத்தாள். காய்ந்த பொறை தொண்டையில் அடைத்துக்கொண்டது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“தண்ணி இருக்கா?” என்று கேட்டாள்.

“இங்க ஏது தண்ணி? நல்லா மென்னு முழுங்கு.”

மென்றாள். விழுங்கினாள்.