அக்காவின் உயிர்ச்சான்றை ஸ்கேன் செய்த நாள்

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வில்லியனூரில் தூறல். கொடியில் ஆறு துணிகள் நனைந்துகொண்டிருந்தன. எடுக்க எனக்கு நேரமில்லை.

குருவிநத்தத்திலிருந்து வந்த அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தொன்று. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்குப் பின் பிரான்சிலிருந்து பென்ஷன் அக்காவுக்கு வருகிறது. அவள் உயிரோடிருப்பதாகக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் முத்திரையிட்ட காகிதத்தை வருடந்தோறும் இணையத்தில் ஏற்ற வேண்டும். அன்றுதான் கடைசி நாள். போன வருடம் போனில் எடுத்த படத்தில் என் கை நிழல் விழுந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள், இரண்டு மாதம் பணம் நின்றது. அதனால்தான் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன்.

என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். யுஎஸ்பி கம்பியைச் செருகிவிட்டு, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைக் கேட்டேன். ஐந்தாவது வரியில் ஸ்கேனர் இருந்தது. ஸ்கேன் செய்யும் செயலியோ, ஸ்கேனரே இல்லை என்றது. கம்பியைப் பதினோரு முறை பிடுங்கிச் செருகினேன். பிறகுதான் கையேட்டைப் படித்தேன்: ஸ்கேனரைப் பயன்படுத்த, கணினியில் அதற்கு அனுமதியுள்ள குழுவில் பெயர் இருக்க வேண்டுமாம். என் பெயர் அதில் இல்லை.

“இன்னாடா, இருக்குதா இல்லியா?”

“இருக்குதுக்கா. அத்தத் தொட எனக்குப் பர்மிஷன் இல்லியாம்.”

“உன் காசுல வாங்கனதுக்கே பர்மிஷனா? நல்லவேள, மூச்சு வுடவும் பர்மிஷன் கேக்கச் சொல்லல.”

“அதுக்குத்தான்க்கா இந்தப் பேப்பரே.”

குழுவில் என் பெயரைச் சேர்த்தேன். சேர்ந்துவிட்டதா என்று நான்கு முறை பார்த்தேன், சேர்ந்திருந்தது. ஆனாலும் ஸ்கேனர் இல்லை என்றே வந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து.

“தம்பி, செத்துட்டன்னு எழுதிடுவானா?” என்றாள் அக்கா. இம்முறை அவள் சிரிக்கவில்லை.

முப்பத்துநான்கு வருடம் அலுவலகத்தில் மாற்றல் உத்தரவுகளை எழுதியவன் நான். உத்தரவு வந்தால் மட்டும் போதாது; பழைய இடத்தைவிட்டு வந்து, புது இடத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். கணினியும் அப்படித்தானோ? அதிலிருந்து வெளியேறி, கடவுச்சொல்லைக் கொடுத்து மறுபடி நுழைந்தேன். ஸ்கேனர் வந்துவிட்டது! காகிதத்தின் அடியில் வெளிச்சம் பதினான்கு வினாடி நகர்ந்தது. நிழலில்லாமல், முத்திரை முழு வட்டமாக விழுந்தது. ஏற்றிய மூன்றாவது நிமிடம் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

“அப்ப நான் உசிரோடதான் கீறேன்?”

“இன்னும் ஒரு வருஷத்துக்கு.”

“அப்ப போய் பிரியாணி வாங்கியாடா.”

ஸ்கேனர் ஆயிரத்து நானூறு, கம்பி நூற்றிருபது, பிரியாணி இரண்டு முந்நூற்று அறுபது. ஆக மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.