ரோமாபுரி அட்டையும் ஒன்றரை ஏக்கரும்

ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகட்டும் என்று என் மருமகன் கணினியில் ரோமாபுரி ஆட்டம் ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். படை, கோட்டை, செனட் எல்லாம் ஜோராக இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஏழைகளுக்கு நிலம் பங்கிடலாம். நான் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறேன். உடனே செனட் கோபித்துக்கொண்டு என்னைக் கவிழ்த்துவிடுகிறது. மருமகன் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மன்னார்குடியில் பி.ஏ. வரலாறு படித்தபோது இப்படியோர் ஆட்டத்தை நானும் என் நண்பனும் காலண்டர் அட்டையில் செய்தோம். அவன் அப்பா எங்கள் வயலில் பண்ணையாள். ஊரில் அவன் என்னை ‘வாங்க, போங்க’ என்பான். கல்லூரி மரத்தடியில் அட்டையை விரித்தால்தான் ‘டா’ வரும். அந்த ‘டா’வுக்காகவே பல நாள் வகுப்புக்கு மட்டம் போட்டிருக்கிறேன்.

சோழியை உருட்டி நிலம் சேர்க்க வேண்டும். நான் செனட்டர், அவன் குடியானவர்களின் பிரதிநிதி. ரோமில் இன்ன அளவுக்கு மேல் நிலம் கூடாது என்று சட்டம் வந்ததும் பெரிய மனிதர்கள் அடுத்தவர் பெயரில் ஒளித்துவைத்தார்கள் என்று பேராசிரியர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குப் பினாமியை விளக்க வேண்டுமா என்ன? அன்று சாயங்காலமே அதை ஆட்டத்தில் சேர்த்தேன். விடுதலை பெற்ற அடிமையின் பெயரில் செனட்டர் நிலத்தை மறைக்கலாம் என்பது விதி. அதன் பிறகு அவன் ஜெயிக்கவேயில்லை.

நாங்கள் படிப்பை முடித்த சமயம் அரசாங்கம் நில உச்சவரம்பைக் குறைத்தது. அப்பா மாமன், மச்சான், சமையல்காரர் வரை பெயர் தேடி எழுதிவைத்தார். கடைசியில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை மிஞ்சியது. என் நண்பன் பெயரைச் சொன்னது நான்தான். அப்பா கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு நானாகச் சொன்னேன்.

பெயர் கொடுப்பவர்களிடம் எழுதாத பத்திரத்தாளிலும் ஒரு கையெழுத்து வாங்கிவைப்பது அப்பாவின் வழக்கம். பின்னால் யாரும் உரிமை கொண்டாடக் கூடாதல்லவா? என் நண்பன் கேட்ட இடத்திலெல்லாம் போட்டான். “ஆட்டத்துல வர்ற விடுதலையான அடிமை வேஷத்த இங்க எனக்குக் குடுத்துட்டீங்க” என்றான். நானும் சிரித்தேன்.

சில வருஷம் கழித்து, உபரி நிலத்தை நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தாலுகா ஆபீசில் பட்டியல் போட்டார்கள். அவனுக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. கல்யாணமாகி, வாய்க்கால் ஓரம் குடிசையில் இருந்தான். பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். நஞ்சைக்குப் பட்டா வைத்திருப்பவன் எப்படி நிலமற்றவன் ஆவான் என்று கேட்டிருக்கிறார்கள்.

நேரே என்னிடம் வந்தான். “நாலு வரி எழுதிக் குடுங்க. அந்த நெலம் உங்களுதுன்னு எழுதினா போதும்” என்றான்.

எழுதினால் மற்றப் பெயர்களையும் கிளறுவார்கள், எல்லாம் வெளியே வரும். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். கேட்கவில்லை. பயம் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். பயமில்லை, ஆசை. சரித்திர வாத்தியாராகி மாதச் சம்பளம் வாங்கிய எனக்கு அந்த ஒன்றரை ஏக்கரின் மீதும் ஆசை. ரோமில் நிலத்தைப் பங்கிடச் சொன்னவனைச் செனட்டர்கள் பெஞ்சுக் காலை உடைத்து அடித்தே கொன்றார்கள். அந்த வாரம் அதை வகுப்பில் உருக்கமாக நடத்தினேன், வெட்கமில்லாமல்.

கெடுபிடி அடங்கியதும் அப்பா அந்த நிலத்தை என் பெயருக்கு மாற்றினார். வெற்றுத் தாள் கைவசம் இருந்தாலும் பதிவாளர் முன் ஆள் வந்து நிற்க வேண்டும். சொல்லி அனுப்பினோம், மறுபேச்சில்லாமல் வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஆபீஸ் மரத்தடிக்கு வந்து, என் பேனாவை மூடி நீட்டினான்.

“இப்ப நான் நெலம் இல்லாதவன்தானேங்க?”

ஊரில் உபரி நிலத்துக்குப் பட்டா கொடுத்து முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் ஊர்க்காரர் யாருமில்லை, மரத்தடியில் நாங்கள் இருவர்தான். அப்போதும் அவன் ‘ங்க’ என்றுதான் சொன்னான்.