அழிக்கச் சொல்லி வந்தவர்கள்

என் தொழிலுக்கு ஊரில் இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் மனைவி 'பிஸ்னஸ்' என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள். கையால் சுற்றுகிற றோணியோ மெசினில் சஞ்சிகை அடித்துத் தொடங்கியவன் நான். பிறகு ஓட்டோவில் கட்டிக்கொண்டு போகும் ஒலிபெருக்கிக்குக் கடை விளம்பரம் பேசினேன். வயல் வட்டைக்குள் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற விவசாயிகளை வைத்து ஒரு படமும் எடுத்தேன். அதைப் பாடசாலை மண்டபத்தில் போட்டபோது பாதியில் கரண்ட் போனது, கூடவே சனமும் போனது. இப்போது யூடியூப். ஒலுவில் துறைமுகத்தில் தோணிக்காரர்களோடு மாதக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்ததை ஏனென்று கேட்க ஆளில்லை. அக்கரைப்பற்றில் யாரோ கொத்துரொட்டி கொத்துகிற அரை நிமிடத்தை ஊரே பார்க்கிறது. முன்பென்றால் கோபம் வரும், இப்போது கொட்டாவிதான் வருகிறது.

இத்தனைக்கும் சோறு போட்டது கலியாண வீடியோதான். அந்தக் காலத்தில் பெண்கள் பக்கத்துக்கும் கமராவோடு என்னைத்தான் விடுவார்கள். பொண்ணு சாரியும் நகையுமாகத் தலை திறந்து உட்கார்ந்திருப்பாள். சுற்றி நிற்கிற பெண்கள் குரவை போடுவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பிறகு ஊர் மாறியது. அந்தப் பொண்ணுகள் அபாயா போட்டார்கள், சிலர் முகத்தையும் மூடினார்கள். கொஞ்சக் காலமாக ஒவ்வொருவராக வந்து, என்னிடம் இருக்கிற மூலக் கெசட்டை அழித்துவிடச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. எத்தனையோ நாள் கண்விழித்து வெட்டி ஒட்டியதை என் கையாலேயே அழிக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

அப்படி வந்தவர்களில் சாய்ந்தமருதுப் பெண் ஒருத்தி. அவளுடைய கலியாணத்தை எடுத்தபோது அவர்களின் வீடு கடற்கரை ஓரத்தில் இருந்தது. "அது எங்கட அமானிதம் காக்கா, உங்கட கையில இரிக்கி. அழிச்சிருங்க," என்றாள். அமானிதம் என்று சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? நம்பி ஒப்படைத்த பொருளுக்கு மறுமையில் கணக்குக் கேட்கப்படும். ஓம் என்றேன். கெசட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்தேன். அதற்கு மேல் செய்ய அலுப்பு விடவில்லை, அப்படியே கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் இளம்பெண் வந்தாள். உம்மாவின் தங்கச்சி, சாச்சியிடம் வளர்ந்தவள். சுனாமியில் உம்மாவும் வீடும் போனபோது அவள் கைக்குழந்தை. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. உம்மாவின் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் உம்மாதான் பொண்ணுக்குச் சோடித்துவிட்டதாகவும் அதை நான் வீடியோ எடுத்ததாகவும் சாச்சி சொல்லியிருக்கிறா. எந்தக் கலியாணம் என்று கேட்டேன். மேசையில் கிடந்த அதே கெசட்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது, அவள்மேல் இல்லை, என்மேல். கையோடு அழித்திருந்தால் இல்லையென்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இப்போது போட்டுக் காட்டினால் ஒருத்தியின் அமானிதத்துக்குத் துரோகம், காட்டாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு உம்மா இல்லை. வெயிலோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன்.

அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு தரம் பார்க்கட்டும் என்றாள். தானும் வருவதாகவும், கொப்பி எடுக்கக் கூடாதென்றும், அறைக்குள் ஆண்கள் யாரும் இருக்கக் கூடாதென்றும் சொன்னாள். யாரும் என்றால் நானும்தான். நான் எடுத்த படத்தை, நானே பலமுறை பார்த்து வெட்டிய படத்தை, என் அறையிலேயே நான் பார்க்கக் கூடாது. சிரிப்பு வந்தது, ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இரண்டு பேரும் ஒரு பின்னேரம் வந்தார்கள். பழைய டெக்கை டீவியில் கொழுவி, எந்தப் பொத்தானை அமர்த்தினால் ஓடும், எதை அமர்த்தினால் பின்னால் போகும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்தேன். கதவுக்கு உள்ளே கலியாண வீடு தொடங்கியது. பீங்கான் சத்தம், பிள்ளைகளின் அழுகை, குரவை. "அந்தா, முக்காட்டோட நிக்கிறா," என்று பெரியவள் காட்டுவது கேட்டது. சற்றுப் பொறுத்து, "ஐயோ, திரும்பிட்டா," என்றாள். இப்படியே போனது. கமரா பக்கத்தில் வரும்போதெல்லாம் உம்மா முகத்தைத் திருப்புகிறா அல்லது முக்காட்டை இழுக்கிறா என்பது அவர்கள் பேச்சிலிருந்து விளங்கியது.

திடீரென்று மைக்குக்கு மிகக் கிட்ட ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"தம்பி, என்னை எடுக்காதீங்க. பொண்ணை எடுங்க."

படம் நின்றது, பின்னால் போனது, திரும்பவும் அதே குரல் வந்தது. மறுபடியும் பின்னால் போனது. அந்தத் தம்பி நான்தான். அப்படி யாரும் என்னிடம் சொன்னதாக நினைவே இல்லை. கலியாண வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து முற்றத்தில் நின்றேன்.

முதலில் வெளியே வந்தவள் பெரியவள். மூடிய முகத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன. அழிக்க வேண்டாம், தன்னைப் பற்றி யோசிக்காமல் இந்தப் பிள்ளைக்கு ஒரு கொப்பி எடுத்துக் கொடுங்கள் என்றாள். உண்மையைச் சொன்னால், தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. என் காலத்தில் நான் செய்த ஏதோ ஒன்று ஒருவருக்கு வேண்டுமென்று ஆகியிருக்கிறது. கொப்பி எடுக்க ஆயத்தமாக உள்ளே போனேன். இளம்பெண் டெக்கிலிருந்து கெசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"கொப்பி வேணாம் மாமா," என்றாள். "நான் உம்மாவைப் பாத்துட்டன். குரலும் கேட்டுட்டன். எடுக்காதீங்க எண்டுதானே செல்றா. அழிச்சிருங்க."

பெரியவள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு கவலைப்படுவாய், யோசித்துச் சொல் மகள் என்று கெஞ்சினாள். இளம்பெண் மாட்டேன் என்று தலையை அசைத்தாள், கெசட்டை என்னிடம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. பழைய கமராவுக்குள் கெசட்டைப் போட்டேன். அதன் கண்ணை மூடியால் அடைத்துவிட்டுப் பதியும் பொத்தானை அமர்த்தினேன். படத்தின் மேல் வெறும் இருட்டு ஏறத் தொடங்கியது. அந்தப் பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அது ஓடி முடியும்வரை அவள் கமராவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.