சாம்பார் வைத்தது யார்?

ஓட்டல் அடுப்படியில் வெந்த உங்களுக்கெல்லாம் தெரியும்: நம்ம தொழிலில் வெந்துதா என்று கேட்பவர்களைவிட, வேகவைத்தது யார் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

பேர் இல்லாத மாஸ்டர்

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பிராமணாள் காபி கிளப். சமையல்காரர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மாவாட்டிக்கொண்டிருந்த நான் கரண்டியைப் பிடித்தேன். உறையூர் நெசவுக்காரன் மகன், பேர் ஆறுமுகம். வீட்டில் தறி நின்றுபோய், என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. முதலாளி ஐயர் அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஹால் பக்கம் தலையை நீட்டினே, அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுது!"

பெயிண்ட் ருசி

ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஓட்டல் போர்டில் சாதிப் பேர் கூடாது என்று ஊரில் பேச்சு கிளம்பவே, முதலாளி போர்டில் 'பிராமணாள்' என்ற எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்தார். அவ்வளவுதான், பிடித்தது சனி! உள்ளே அதே அடுப்பு, அதே பருப்பு, அதே நான். ஆனால் தினம் வரும் தபாலாபீஸ் ஐயங்கார் மாமா, சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு சப்ளையர் கிட்டுவிடம் அலுத்துக்கொண்டார்: "போர்டை அழிச்சதுலேர்ந்து கைமணமே மாறிடுத்து, ஓய்!"

கண்ணாடி கிளாஸ்

இனி யார் வேண்டுமானாலும் வருவார்களே என்று முதலாளிக்கு உதறல். நெற்றியில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்றே தனியாகக் கண்ணாடி கிளாஸ் வாங்கி வைத்தார். திருச்சியிலிருந்து வந்த கிறிஸ்தவ வாத்தியார் ஒருவர், பக்கத்து மேஜை பித்தளை டபராவையும் தன் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படிக் கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபடியே கிட்டுவைக் கேட்டார்: "அவரு குடிச்சதைக் கழுவுவீங்க, நான் குடிச்சதை என்னங்க செய்வீங்க?"

டவுன் பஸ்

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அதே தபாலாபீஸ் மாமா! என் கையில் பெருங்காயம் மணத்தது.

"எந்த ஓட்டல்ப்பா?" என்றார். வாய் தவறி ஓட்டல் பேரையும், நான்தான் அங்கே மாஸ்டர் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அதற்குள் கண்டக்டர் வந்தார். "உறையூர் ஒண்ணு" என்றேன். எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று மாமா துருவினார். நெசவு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டால் என் சீட்டு கிழிந்தது. வேலை போனால் வீட்டில் அத்தனை பேரும் பட்டினி.

மறுநாள் கொல்லை வாசலில் மாமா தலை தெரிந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அவர் கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "பஸ்ல என்னைப் பார்த்ததை மூச்சு விடாதே! நீ யாருன்னு எனக்குத் தெரியும்னு வெளியில தெரிஞ்சா, நாளைக்கு நான் டிபனுக்கு எங்கேடா போவேன்?"

அன்றிலிருந்து என் வேலைக்கு அவர் காவல், அவர் ஆசாரத்துக்கு நான் காவல்.