தில்லையம்பலம் அண்ணை தொட்ட கயிறு

மத்தியானம் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தார்கள். வல்வெட்டித்துறை தில்லையம்பலம் காலமானார். கோப்பாயில் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் தனியே இருந்த நான் கையைக் கழுவிவிட்டேன். அவர் கப்பலில் இருந்தவர் என்று அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை.

கிரேக்கக் கப்பலொன்றில் எட்டு வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். அவருக்குத் தளத்து வேலை, எனக்குச் சமையல். "கடல்தண்ணியிலையோ அவிச்சனீ?" என்பார். கோப்பையை வழித்தும் விடுவார்.

குளிர்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் எங்களுக்குக் கரைச்சீட்டுத் தந்தார்கள். கரையில் நடக்கலாம், சாமான் வாங்கலாம், வேலை செய்யக் கூடாது. வெளிநாட்டான் அங்கே வேலை செய்ய வேறு அனுமதி வேண்டும். இதையெல்லாம் குடிவரவு அதிகாரி வாசித்துக் காட்டித்தான் சீட்டைத் தந்தார். அன்று பின்னேரம் நாலு கிழவர்கள் மீன்பிடி வள்ளமொன்றைக் கரையேற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் இழுக்கும் இடத்தைக் கையை வீசிக்கொண்டு கடந்து போகிறவனை எங்கள் ஊர்ப்பக்கத்தில் மனிதனாக மதிப்பதில்லை. யாருடைய வள்ளம் என்று கேட்கும் வழக்கமும் இல்லை. "பிடியடா" என்றார் அண்ணை. இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்தோம்.

வள்ளம் ஏறியது, அதிகாரியும் வந்தார். கூலி வாங்காவிட்டாலும் வேலை வேலைதானாம். யார் யார் இழுத்தது என்று கப்டன் விசாரித்தார். எனக்கு வீட்டில் மூன்று தங்கைகள். தான் மட்டுமே இழுத்ததாகவும், நான் பார்த்துக்கொண்டு நின்றதாகவும் அண்ணை சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

கப்பலில் வேலை எடுக்கக் காட்டவேண்டிய அவருடைய கடற்புத்தகத்தில் விதி மீறியவர் என்று எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. உன்ரை வேலையும் போயிடும்" என்று பெட்டியைக் கட்டினார். பிறகு எந்தக் கப்பலும் அவரை எடுக்கவில்லை. அவர் படுத்த மேல்கட்டிலைப் பார்க்க முடியாமல் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஊரில் கதை வேறு. கப்பலில் களவெடுத்துப் பிடிபட்டவராம். மாலுமிகள் கூடியிருக்கும் இடத்துக்கு அவர் போனால் பேச்சு நின்றுவிடும். விடுமுறையில் போய்க் கேட்டேன். "ஓம், கதைக்கிறாங்கள். கதைக்கட்டும். வள்ளக் கதையைச் சொன்னால் கூட இழுத்தது ஆரெண்டு கேப்பாங்கள். நீ தேத்தண்ணியைக் குடி" என்றார். முதலில் பயத்தால் மறைத்தேன், பிறகு வெட்கத்தால் மறைத்தேன். பதினொரு வருடம் அப்படியே போயிற்று.

செத்தவீட்டில் அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நீங்களெண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ. இவர் கப்பலிலை என்னத்தை எடுத்தவர்?"

அவருக்குச் சொன்னதை, அண்ணையை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன். அவர் எதையும் எடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களின் வள்ளத்தைக் கரையேற்றினார். பக்கத்தில் நின்று நானும் இழுத்தேன். அவருடையதென்று என்னிடம் இருப்பது, அதற்குப் பிறகு நான் கப்பலில் உழைத்த பதினொரு வருடம்.