புதினா டீக்குத்தான்

ஃபெஸ் பழைய நகரத்துக்குள் வெளிநாட்டாரைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வழிகாட்டிகளில், பத்தூலின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. நாற்பத்தாறு வயது. கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை. மதரஸா, பித்தளைக் கடைவீதி, மசாலாச் சந்தை எல்லாம் காட்டுவாள். பொதிக் கழுதை வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவும் சொல்லித்தருவாள். ஒன்றை மட்டும் செய்யமாட்டாள். தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க மாடியேறும்போது, தன் ஆட்களைப் புதினா வாங்க விடமாட்டாள்.

தொட்டிகளைச் சுற்றியுள்ள மாடிகளெல்லாம் தோல் சாமான் கடைக்காரர்களுடையவை. நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லி வாசலிலேயே ஆளுக்கொரு கொத்துப் புதினா நீட்டுவார்கள். கீழே சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் தொடைவரை இறங்கி ஆட்கள் தோலை மிதிக்க, மேலே ஒரு கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு படம்பிடிக்கும். அந்தத் தொட்டியில் முப்பது வருஷம் நின்றவர் பத்தூலின் வாப்பா லர்பி. பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சுக்கு எவளும் வரமாட்டாள். வந்தவளும் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. ஏன் ஆறவேண்டும்?

போன வாரம் அவள் கூட்டிவந்த அம்மாள் ஒருத்தி, தாவூதி ஹாஜியாரின் மாடியில் குமட்டிக்கொண்டு, ஒரு பர்ஸ்கூட வாங்காமல் இறங்கிப்போய்விட்டாள். மூக்கில் புதினா வைக்காத கூட்டம் இனி என் படியேறக் கூடாது என்றார் ஹாஜியார். மற்ற கடைக்காரர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தொட்டி காட்டாத வழிகாட்டிக்கு ஆள் அனுப்பமாட்டோம் என்று ஹோட்டலிலும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். ஒரு கொத்துத் தழைக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வாயா என்று சக வழிகாட்டிகள் கேட்டார்கள். என் பிழைப்பு, நான் கெடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் காலை ஆறு பேர் வந்தார்கள். ஹாஜியார் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழ்ச் சந்தில் இறங்கி, தொழிலாளிகள் நுழையும் வாசலில் போய் நின்றாள். வாப்பாவோடு தோல் மிதித்த இத்ரீஸ்தான் இப்போது அங்கே மேஸ்திரி.

"இங்கேயா கூட்டிட்டு வந்த? வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது புள்ள?"

"நம்ம ஆளுங்க தினம் நடக்கல? இவங்களுக்கும் ரெண்டு காலுதானே மாமு."

மேஸ்திரி சிரித்துவிட்டார். முதலில் சலாம், அப்புறம்தான் கேமரா என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆறு பேரும் தொட்டி விளிம்புகளில் ஒருவர் பின் ஒருவராக நடந்து, தப்பும் தவறுமாகச் சலாம் சொன்னார்கள். தொட்டிக்குள்ளிருந்து பதில் சலாம் வந்தது. இதே இடத்தில்தான் வாப்பா நின்றார் என்று பத்தூல் காட்டினாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவருக்கு மட்டும் குமட்டல் தாங்கவில்லை. மாடியிலிருந்து ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார்.

"பத்தூலு, சாக்கடையிலயா இறக்கிட்ட அவங்கள? இந்தா, இதையாவது குடு."

பெரிய புதினாக் கட்டு ஒன்று வந்து சுவரோரம் விழுந்தது. பெரியவர் பாய்ந்து கை நீட்டினார். பத்தூல் முந்திக்கொண்டாள். மூலையில் தொழிலாளிகளின் டீ கொதித்துக்கொண்டிருந்தது. புதினாவைக் குழாயில் அலசி, முழுதாகக் கெட்டிலுக்குள் திணித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"புதினா டீக்குத்தான் ஹாஜியாரே. இறங்கி வாங்க, ஒரு கிளாஸ் குடிக்கலாம்."

ஹாஜியாரின் தலை உள்ளே போனது. தொட்டிகளிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். விருந்தினர்களும் அவர்களும் ஒரே சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கிளாஸ் சுட்டதால் எல்லாரும் விளிம்பிலும் அடியிலுமாக இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. மூக்கைப் பொத்த ஒருவருக்கும் கை மிச்சமில்லை, அந்தப் பெரியவருக்கும்தான்.

"நாளைக்கும் கூட்டிட்டு வா புள்ள," என்றார் மேஸ்திரி. "புதினாதான் மேலேருந்து வருதே."